கேட்காத கடன்

“அண்ணே, பழசை விடுங்க. புதுப் பேர்ல எஸ்எஸ்எம்ல பதிஞ்சி, பூஜ்ஜியத்துல இருந்து ஆரம்பிங்க. யாரு வந்து கேட்கப் போறா?”

2023இல் நான் மறுபடி தொழில் தொடங்க நினைத்தபோது ஒரு தம்பி நல்ல மனதோடு சொன்ன யோசனை இது.

கிள்ளானில் கல்யாணம், பிறந்தநாள், கோயில் திருவிழாக்களுக்கு ஸ்பீக்கர், மைக், மிக்சர் வாடகைக்கு விடும் சின்ன வியாபாரம் என்னுடையது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. விசேஷங்கள் நின்றன, ஸ்டோர் வாடகை நிற்கவில்லை. சாமான்களை ஒவ்வொன்றாக விற்றேன். மிஞ்சியது விலை போகாத இரண்டு பழைய ஸ்பீக்கரும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். அந்த நோட்டில் ஆறு குடும்பங்கள் கொடுத்த முன்பணக் கணக்கு இருந்தது. மொத்தம் 2,700 வெள்ளி.

தனிநபர் வணிகத்தின் கடன் சட்டப்படி உரிமையாளரையே சேரும். பேர் மாற்றினாலும் அது மாறாது. ஆனால் சில நூறு வெள்ளிக்கு யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆக, கேள்வி சட்டத்தைப் பற்றியது இல்லை. யாருமே கேட்காத கடன், கடன்தானா?

என் பக்கமும் நியாயம் இருந்தது. நிகழ்ச்சியை நான் ரத்து செய்யவில்லை. எனக்கும்தான் நஷ்டம். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு யோசித்தாலும் ஒன்று மட்டும் அசையவில்லை: அந்தப் பணம் நான் செய்யாத வேலைக்கு வாங்கியது. என் நஷ்டம் அதை என் பணமாக ஆக்கிவிடாது.

அந்த இரண்டு ஸ்பீக்கரையும் எடுத்துப் பார்த்தேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் கோனைச் சுற்றியிருந்த ஃபோம் தொட்டாலே உதிர்ந்தது. புது ஃபோம் வாங்கி ஒட்டலாம். ஆனால் பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு அதன் மேலேயே ஒட்டினால் கோன் நடுவில் சரியாக உட்காராது; காயில் உரசிக் கரகரக்கும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து சுரண்டினேன். சுரண்டும்போதே முடிவும் எடுத்தேன்: இனி வரும் வாடகையில் மூன்றில் ஒரு பங்கு அந்த நோட்டுக்கு.

முதல் போன், தன் கணவரின் மணிவிழாவுக்குப் பதிவு செய்திருந்த ஓர் அம்மாவுக்கு. விழா நடக்கவே இல்லை. மறு வருடம் ஐயா தவறிவிட்டார். “காசு கிடக்கட்டும்பா. மூணு வருஷமா ஒரு போன் போடக் கூடாதா?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பாக்கி வைத்தது 400 வெள்ளி மட்டும் இல்லை. காசு கேட்டுவிடுவார்களோ என்று பயந்து, துக்கம் விசாரிக்கக்கூடப் போகாமல் இருந்திருக்கிறேன்.

நம் சமயம் வினையைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று மூன்றாகச் சொல்கிறது. புதுக் கணக்குத் திறந்தால் பழைய கணக்கு மறைந்துவிடும் என்று அதில் எங்கும் இல்லை.

தம்பி தங்கைகளே, விழுந்த வியாபாரத்தை மறுபடி எழுப்புவது அவமானம் இல்லை. ஆனால் புதுப் பேர் வைப்பதற்கு முன் பழைய நோட்டைத் திறந்து பாருங்கள். கையில் காசு இல்லையென்றால் முதலில் ஒரு போனாவது போடுங்கள்.

என் நோட்டில் இன்னும் இரண்டு பேர் பாக்கி. ஒருவரின் எண் மாறிவிட்டது. தேடிக்கொண்டிருக்கிறேன்.