கடைசியாகத் தொட்டவன்

பழி என்று ஒன்று வந்துவிட்டால், அதைக் கடைசியாகத் தொட்டவன் தலையில் வைத்துவிடுவது நமக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது! வாய்க்கால் கரை உடைந்தால் அன்று விடியற்காலையில் மடை திறந்தவன் பதில் சொல்ல வேண்டும். மூன்று மாதமாக அங்கே வளை தோண்டிய நண்டை யாரும் விசாரிப்பதில்லை. நோயாளி கண்ணை மூடினால் கடைசியாக நாடி பார்த்த வைத்தியர். குடும்பம் பிரிந்தால் கடைசியாக வந்த மருமகள்.

இத்தகைய வழக்கு ஒன்று திருப்பனந்தாளில், ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் என் கண்ணெதிரே நடந்தது. நண்பருடைய பத்து வருஷத்துப் பெட்ரோல் கார். நாலு பிளக்கையும் மாற்றச் சொன்னார். அங்கே வேலை பழகும் பையன் மாற்றினான். ஸ்டார்ட் செய்ததும் வண்டி உலுக்கி எடுத்தது.

“நன்றாக வந்த வண்டியைக் கெடுத்துவிட்டானே! ஆகிற செலவை இவன் சம்பளத்திலே பிடியுங்கள்” என்றார் நண்பர். பையன் முகம் வெளுத்துவிட்டது. அவனுக்கு அது ஒரு வாரத்துச் சாப்பாடு.

பிளக்கின் நெருப்பு பிளக்கில் பிறப்பதில்லை. பாட்டரி கொடுப்பது வெறும் 12 வோல்ட். அழுத்தப்பட்ட பெட்ரோல் ஆவிக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேலும் வேண்டியிருக்கும். அதைத் தருவது காயில். இரும்பின் மேல் சில நூறு சுற்றுத் தடித்த கம்பி, பல ஆயிரம் சுற்று மெல்லிய கம்பி. முதல் கம்பியில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டாவதில் பிரளயமே கிளம்புகிறது. இதை 1836-ல் செய்து காட்டியவர் நிக்கலஸ் காலன் என்ற அயர்லாந்துப் பாதிரியார். இந்தக் காரில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருந்தது. அதை எடுக்காமல் பிளக்கைக் கழற்ற முடியாது.

மெக்கானிக் கருவியை மாட்டிப் பார்த்தார். இரண்டாவது சிலிண்டரில் பற்றவில்லை என்றது அது. யார் தடுக்கி விழுந்தார் என்பதைத்தான் கருவி சொல்லும். தடுக்கிய கல் எது என்று சொல்லாது. அவர் இரண்டாவது காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டினார். இப்போது மூன்றாவது சிலிண்டர் முரண்டு பிடித்தது. பழுது காயிலோடு கூடவே இடம் மாறிவிட்டது!

“இவன்தானே அதைப் பிடுங்கினான்?” என்றார் நண்பர், விடாமல்.

மெக்கானிக் காயிலின் அடியிலிருந்த ரப்பர் உறையைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் ஒரு புதுக் கிழிசல். ஆனால் உள்ளே, எஞ்சின் சூட்டில் காய்ந்து வெடித்த இடத்தில், மயிரிழை போல் ஒரு கறுப்புக் கோடு. மின்சாரம் வெகுநாளாகக் கசிந்த தடம். கழற்றிப் போட்ட பழைய பிளக்கின் பீங்கானிலும் அதே கோடு இருந்தது.

“சார், இது இன்னிக்கு வந்ததில்லே” என்றவர் பையனிடம் திரும்பினார். “லேசாத் திருப்பிட்டு இழுக்கணும்டா தம்பி. கிழிசல் உன் தப்பு. கோடு உன் தப்பில்லே.”

எனக்குப் பிடித்தது இந்தப் பங்கீடுதான். காரணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் யாருமே குற்றவாளி இல்லை என்று ஆகிவிடும். தொட்டவனோடு நின்றுவிட்டால் அநியாயம். கையின் பங்கைக் கைக்கும் காலத்தின் பங்கைக் காலத்துக்கும் வைப்பதே நியாயம். நண்பர் காயிலுக்குப் பணம் கொடுத்தார். மெக்கானிக் கூலி வாங்கவில்லை. பையன் சம்பளம் தப்பியது.

அவ்வூர்க் கோயிலிலும் ஒரு சாய்வின் கதை உண்டு. தாடகை என்ற பக்தை, நழுவும் ஆடையைக் கைவிட முடியாமல் மாலையோடு தவித்தபோது, சிவலிங்கம் அவளுக்காகச் சாய்ந்து கொடுத்ததாம். மன்னன் யானைகளைப் பூட்டி இழுத்தும் நிமிரவில்லை. குங்கிலியக் கலயர் தம் கழுத்திலே கயிற்றைக் கட்டி இழுத்தார், நிமிர்ந்தது. யானை நின்ற இடத்தில் ஒருவர் தாமே போய் நின்றார் என்பதுதான் எனக்கு அதில் முக்கியம்.

இடம் மாற்றிப் பார்ப்பது காயிலுக்கு மட்டும் உரிய சோதனை அல்ல. “இவள் வந்த பிறகுதான் வீடு இப்படியாயிற்று” என்கிறவர்கள், அந்த மருமகளை மனத்தளவிலாவது வேறொரு வீட்டில் வைத்துப் பார்க்கட்டும். அங்கே அவள் விளக்கு ஒழுங்காக எரியும் என்று தோன்றினால், கறுப்புக் கோட்டை எங்கே தேட வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும்.