பிள்ளையின் கேள்வியும் நமது பொறுப்பும்

 

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை தேக்காவில் கடையில் அமர்ந்திருந்தோம். ஜூனியர் கல்லூரியில் படிக்கும் நம் மகன் வந்து, "வாப்பா, உயிரியலில் பரிணாமப் பாடம் வருகிறது. அதைப் பரீட்சையில் எழுதினால் ஈமானுக்குப் பழுது உண்டா?" என்று கேட்டான். "வாயை மூடு" என்று அதட்டிவிட்டோம். அவன் முகம் சுண்டிப் போயிற்று.

அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. நாம் படித்தது மதரஸாவும் ஆரம்பப் பள்ளியுமே. விடை தெரியாத வெட்கத்தைக் கோபமாகக் காட்டிவிட்டோம். பிறகு விஷயமறிந்தவர்களிடம் விசாரித்தோம்.

இக்கொள்கை இவ்வூருக்குப் புதிதல்ல. ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1854ல் சிங்கப்பூரில் வந்திறங்கி, புக்கிட் தீமா காட்டில் வண்டுகளைச் சேகரித்தார். பின்னர் தீவு தீவாக அவருடன் அலைந்து உதவியவர் அலீ என்னும் மலாய் வாலிபர். 1858ல் வாலஸின் கட்டுரையும் டார்வினின் எழுத்தும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன.

அதன்மேல் இன்றுவரை வழக்குத்தான். அமெரிக்காவில் டோவர் என்ற ஊரில், உயிர்களை அறிவுள்ள ஒருவன் வடிவமைத்தான் என்ற கருத்தைப் பள்ளி நிர்வாகம் விஞ்ஞான வகுப்பில் நுழைத்தது. அது மதக் கருத்தே, விஞ்ஞானமன்று என 2005ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவிலோ 2023ல் பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஆட்சேபித்துக் கையெழுத்திட்டனர்.

சகோதரர்களே! அரிசி மூட்டையைப் பொன் தராசில் வைப்போமா? உயிர்கள் எவ்வாறு மாறி வந்தன என்பதை விஞ்ஞானம் பூமியில் கிடைத்த அத்தாட்சிகளைக் கொண்டு நிறுக்கிறது. படைத்தவன் யார், எதற்காகப் படைத்தான், மறுமையில் என்ன கணக்கு என்பவை அத்தராசில் நில்லா. அல்லாஹ்வை நாம் நம்புவது வஹீயைக் கொண்டு; பாடப் புத்தகத்தைக் கொண்டல்ல. ஆதம் (அலை) அவர்களின் படைப்பைப் பற்றி ஐயம் எழுந்தால், கற்றறிந்த ஆலிம்களிடம் அமைதியாகக் கேட்க வேண்டும். பாடத்தைக் கிழித்தெறிவதால் ஐயம் தீராது.

இன்னொன்றையும் யோசியுங்கள். இங்கே 1984ல் பள்ளிகளில் மத அறிவுப் பாடம் தொடங்கியது. 1989ல் அதைக் கைவிட முடிவாயிற்று. ஆகவே ஈமானை ஊட்டும் வேலை நம் வீட்டில்தான் இருக்கிறது. நாமோ இரவு பத்து மணிக்குக் கடையை மூடிப் போகிறோம், பிள்ளை உறங்கிவிடுகிறது. பள்ளிப் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்துக்கு அஞ்சும் நாம், பிள்ளைக்கு அரைமணி நேரம் கொடுத்தோமா? கடைக் கணக்கை நாள்தோறும் பார்க்கிறோமே, இந்தக் கணக்கை என்று பார்ப்பது?

மறுநாள் மகனை அழைத்து, "வாப்பா செய்தது தவறு. பாடத்தை உள்ளபடி படி, உள்ளபடி எழுது. மற்றதை இருவரும் சேர்ந்து ஹஜ்ரத்திடம் கேட்போம்" என்றோம். அவன் சிரித்தான். இப்போது வெள்ளி இரவில் கடையைச் சீக்கிரம் மூடுகிறோம். அதனால் வியாபாரம் குறைந்துவிடவில்லை.

அல்லாஹுதஆலா நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள இல்மையும், நமக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.