தூய உணவின் விலை

உண்பது ஆகுமானதாக இருத்தல் வேண்டும். அத்துடன் தூயதாகவும் இருத்தல் வேண்டும். இது நம் இல்லங்களில் சிறு பிள்ளைகளும் அறிந்த பாடம். எனினும், அத்தூய்மையை எங்கிருந்து கணக்கிடுவது? அடுப்பிலிருந்தா, வயலிலிருந்தா?

இயற்கை வேளாண்மையைப் புகழ்வோர் பெரும்பாலும் உண்பவரின் உடல்நலத்தையே முன்னிறுத்துகின்றனர். அவ்விளைபொருள்களில் பூச்சிமருந்தின் எச்சம் குறைவு என்பது மெய்யே. ஆனால், சத்தில் பெரிய வேறுபாடில்லை என்று 2012-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார், அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிக் கூறினர். ‘அப்படியாயின் இவ்வீண் செலவு எதற்கு?’ என்று கைகழுவுவோரும் உளர். இரு சாராரும் தத்தம் வயிற்றை மட்டுமே தராசில் வைக்கின்றனர் என்போம்.

காசர்கோட்டை எண்ணிப் பார்ப்போம். கேரளத்தின் வட எல்லையிலுள்ள அம்மாவட்டத்தில், அரசுக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில் தேயிலைக் கொசு என்னும் பூச்சியை ஒழிக்க, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், 2000 வரை, எண்டோசல்பான் என்னும் நஞ்சு ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. குன்றின் மீது தோட்டம். சரிவில் குடிசைகள், கிணறுகள், ஓடைகள். காற்றும் மழையும் தம் வேலையைச் செய்தன. மூளை வளர்ச்சி குன்றியும் உறுப்புகள் கோணியும் அங்கே பிறந்த குழந்தைகளின் படங்களைக் கண்டோர் எளிதில் மறவார். 2011-இல் உச்ச நீதிமன்றம் அந்நஞ்சை நாடெங்கும் தடை செய்தது. 2017-இல், பாதிக்கப்பட்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு கேரள அரசுக்கு ஆணையிட்டது. முந்திரிப் பருப்போ தடித்த ஓட்டுக்குள் பத்திரமாக இருந்தது. நெய்ச்சோற்றின் மீது அதைத் தூவி உண்டவருக்கு ஒன்றும் தெரிந்திராது.

தொழுவுரமும் பசுந்தழையும் வேப்பம் பிண்ணாக்கும் இட்டு விளைவித்த பொருளின் முதற்சிறப்பு, தான் விளைந்த ஊரின் நீரைக் கெடுக்காமல் வந்ததே ஆகும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேசும் நாம், வயலை அடுத்து வாழ்வோரை எங்ஙனம் அயலார் என்று தள்ளுவது?

நஞ்சின் சுமையை எளியோர் மீது ஏற்றலாகாது என்றால், அதை விலக்கும் சுமையையும் உழவர் தலையில் மட்டும் ஏற்றலாகாது. இலங்கை அரசு 2021-இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. உழவர் வீதியில் இறங்கினர். நவம்பரில் தடை விலகியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அடுத்த நெல் அறுவடை பெரிதும் வீழ்ந்தது.

நம் நாட்டிலும் இரசாயனத்தைக் கைவிட்ட நிலம் சான்று பெற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவ்விடைக்காலத்தில் விளைச்சல் குறையும். கூடுதல் விலையும் இல்லை. அந்நெல்லைப் பேரம் பேசாமல் வாங்குவோர் நாலு பேர் இருந்தால்தான் அவ்வுழவர் மூன்றாம் ஆண்டை எட்டுவார்.