திருநாள் பந்திக்கு ஆயத்தம்



கர்த்தர் பிறந்த திருநாள் நெருங்கி வருகின்றது. அநேக வீடுகளில் அன்றிரவு நடப்பது என்ன? வெளியூரிலிருந்து அண்ணன் தம்பி குடும்பங்கள் வந்திறங்கியிருக்கும். நடுச்சாமப் பூசைக்கு மணி அடிக்கும்போதும் தாயானவள் அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். பூசைக்கு ஓடி வந்தாலும் அவள் மனம் சட்டிபானையிலேயே இருக்கும். மறுநாள் பந்தியில் அலுப்பினால் ஒரு சுடுசொல் பிறக்கும். அதைத் தொட்டுப் பழைய பாகப்பிரிவினைப் பேச்சு கிளம்பும். பாலன் பிறந்த நாளில் பாலனுக்கே வீட்டில் இடமில்லாமற் போய்விடும்.

சமையலும் பந்தியும் கோவிலில் பேசத்தக்க காரியமா என்று நினையாதேயுங்கள். பாஸ்காத் திருநாள் விருந்துக்காக நமது ஆண்டவர் இராயப்பரையும் அருளப்பரையும் முன்னதாகவே அனுப்பினார் என்று அர்ச். லூக்காஸ் எழுதியிருக்கிறார். தண்ணீர்க்குடம் சுமந்து வரும் மனிதனைப் பின்தொடரவேண்டும், வீட்டுக்காரனிடம் இன்னபடி கேட்கவேண்டும் என்று ஒவ்வொன்றையும் சொல்லி அனுப்பினார். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடவேண்டும் என்று போதித்தவரும் அவரே. ஆகையால் முன்யோசனை புண்ணியத்துக்கு விரோதமல்ல. பெத்தானியாவில் மார்த்தாளை ஆண்டவர் கண்டித்தது அவள் சமைத்ததற்காக அல்ல, பலவற்றைப் பற்றிக் கலங்கினதற்காகவே. அவளைத் திருச்சபை ஜூலை 29-ல் அர்ச்சியசிஷ்டவளாகக் கொண்டாடுகிறது. 2021 முதல் மரியம்மாளையும் லாசரையும் அவளோடு சேர்த்தே கொண்டாடுகிறது.

ஆகமன காலத்தில் நான்கு ஞாயிறுகள் உண்டு. அவைகளை இப்படிப் பயன்படுத்துங்கள். முதல் வாரம் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, வருகிறவர்கள் எத்தனைபேர், கையிலுள்ள பணம் எவ்வளவு என்று பாருங்கள். அதற்குத் தக்கபடி பதார்த்தங்களைக் குறையுங்கள். கடன் வாங்கி வைத்த விருந்து தை மாதத்தில் வட்டியாய்க் கசக்கும். இரண்டாம் வாரம் முறுக்கு, அச்சுமுறுக்கு முதலிய நாள்பட இருக்கும் பலகாரங்களைச் சுட்டு டின்னில் அடைத்துவிடலாம். அதிரசத்துக்குப் பாகு சேர்த்த மாவு சில நாள் ஊறினால்தான் பதம் வரும். அதற்கும் இதுவே காலம். மூன்றாம் வாரம் கறிக்கடையில் சொல்லி வையுங்கள். அதைவிட முக்கியமாய், வீட்டிலுள்ள யாவரும் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள். மனத்தாங்கல் உள்ள சகோதரனிடம் இப்போதே போய்ப் பேசுங்கள். அதைப் பந்திவரைக்கும் கொண்டுபோகாதேயுங்கள். நான்காம் வாரம் பாத்திரம், பாய், இலை இவைகளை ஒழுங்கு செய்து, திருநாளுக்கு முந்தின மாலையில் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

இன்னொரு காரியம். முன்னாளில் நன்மை வாங்குகிறவர்கள் நள்ளிரவு முதல் உபவாசம் இருந்தார்கள். 1964-ல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசர் அதை நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரமாகக் குறைத்தார். தண்ணீரும் மருந்தும் தடையல்ல. ஆனால் உப்புப் பார்க்கிற கை அந்த ஒரு மணி நேரத்தை மறந்துவிடலாகாது!

இத்தனையும் செய்தபின்னும் ஒரு குறை நேரிடக்கூடும். அந்த மேல்மாடி அறையில் விரிப்பு, அப்பம், இரசம் எல்லாம் ஆயத்தமாயிருந்தன. ஆயினும் பாதம் கழுவுகிற தாழ்ந்த வேலைக்கு அப்போஸ்தலர்களில் ஒருவரும் முன்வரவில்லை. தங்களுக்குள் யார் பெரியவன் என்றே அவர்கள் வாதாடினார்கள். கடைசியில் ஆண்டவரே பந்தியைவிட்டு எழுந்து இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டார்.

நம் வீடுகளில் அந்தத் தாழ்ந்த வேலை யாருடையது? எல்லாருக்கும் பரிமாறி, மிஞ்சினதைக் கடைசியில் தனியாய் உண்டு, பாத்திரம் துலக்குகிறவள் தாயல்லவா? தகப்பன்மாரே, வாலிபரே, இந்தத் திருநாளில் அவளை முதல் பந்தியில் உட்காரவைத்து நீங்கள் பரிமாறுங்கள். எச்சில் இலையை எடுப்பதால் உங்கள் மேன்மை குறையாது, ஆண்டவருக்குக் குறையவில்லையே! பந்தியில் ஒரு இலை கூடுதலாய்ப் போட்டு, உங்கள் தெருவிலுள்ள ஆதரவற்ற விதவையையோ தனித்திருக்கும் முதியவரையோ முன்கூட்டியே அழையுங்கள். திரும்ப விருந்திட வகையில்லாதவர்களை அழைக்கும்படி ஆண்டவர் சொல்லியிருக்கிறார்.

இப்படி ஆயத்தம் செய்த வீட்டில் பதார்த்தம் ஒன்று குறைந்தாலும் சமாதானம் குறையாது. தேவபாலன் உங்கள் பந்தியில் வந்து அமர்ந்து, உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.