பந்தைப் பின்னால் கொடுங்கள்

(இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றின் மாரியம்மன் ஆலயத்தில், தேர்த்திருவிழாவுக்கு முதல் நாள் இரவு நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அப்பூதியடிகள் வரலாற்றைச் சொல்லும்படி ஆலய பரிபாலன சபையார் கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன். ஆனால் அவருடைய ஊரான திங்களூருக்குப் போகும் வழியில் உங்களை ஒரு மைதானத்துக்குக் கூட்டிப் போகப் போகிறேன். றக்பி மைதானம். இதோ, கடைசி வரிசையில் தூணில் சாய்ந்திருந்த தம்பிமார் நிமிர்கிறார்கள். நல்லது.

றக்பி என்றால் நமக்குத் தொரைமார் ஆட்டம். 1879இல் கொழும்பில் இந்த ஆட்டத்துக்கென்று முதற் கழகம் உண்டானது. 1908இல் இலங்கைக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. டிக்கோயா, திம்புளை, ஊவா, நம் பக்கத்துக் களனிவெலி என்று தோட்டத் தொரைமார் பகுதிக்கொரு கிளப் வைத்து ஆடினார்கள். நம் பாட்டன்மார் அந்தப் புல்லை வெட்டியிருப்பார்கள். பந்தைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஆட்டத்துக்குச் சாதி கிடையாது. 1950இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி நியூசிலாந்துப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி இலங்கையோடு ஆடியது. 44க்கு 6 என்று நாம் தோற்றோம். தோற்ற அந்த அணியில், ஓட்டத்திலும் பேர்பெற்ற சும்மா நவரட்ணம் என்ற தமிழர் ஒருவர் ஓரத்தில் ஓடினார். யார் கையில் பந்து வந்தாலும் அவர் ஓடலாம், அவ்வளவுதான் ஆட்டம்.

இந்த ஆட்டத்தில் ஒரு விசித்திரமான சட்டம் இருக்கிறது. பக்கத்துக்குப் பதினைந்து பேர், எண்பது நிமிடம். எல்லோரும் எதிரியின் எல்லையை நோக்கி முன்னே ஓட வேண்டும். ஆனால் கையால் பந்தைக் கொடுப்பதென்றால் முன்னால் நிற்பவனுக்குக் கொடுக்கக் கூடாது. பின்னால் வருகிறவனுக்கோ பக்கத்தில் வருகிறவனுக்கோதான் கொடுக்க வேண்டும். முன்னால் எறிந்தால் விசில் ஊதிவிடுவார்கள்.

இன்னொரு சட்டம். ஓடுகிறவனை எதிரி மடக்கித் தரையில் வீழ்த்துகிறான். வீழ்ந்தவன் உடனே பந்தை விட வேண்டும். "நான்தான் கொண்டுவந்தேன், விடமாட்டேன்" என்று நெஞ்சோடு அணைத்துக் கிடந்தால் தண்டனை அவனுக்கு மட்டுமில்லை, அவனுடைய அணிக்கே.

மூன்றாவது சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. எல்லைக் கோட்டைத் தாண்டி ஓடிவிட்டால் மட்டும் புள்ளி கிடைக்காது. குனிந்து பந்தைத் தரையில் பதிக்க வேண்டும். அப்போதுதான் ஐந்து புள்ளி. நிமிர்ந்து நிற்கிறவரைக்கும் சுழியம்தான்.

பின்னால் வருகிறவனைப் பார், விழுந்தால் விடு, வென்றாலும் குனி. இதைச் சொல்ல நமக்கு எத்தனை சாத்திரங்கள்! வெள்ளைக்காரர் இதை விளையாட்டுச் சட்டமாக எழுதி வைத்துவிட்டார்கள்.

இந்தச் சட்டத்தை மைதானத்துக்கு வெளியிலும் கடைப்பிடிக்கப் பார்க்கும் ஒருவரைச் சொல்கிறேன். உங்களுக்கு முகம் தெரியும். 2013இல் வந்த 'விஸ்வரூபம்' படத்தில் கமல்ஹாசனுக்கு எதிரே ஒமர் என்ற பாத்திரத்தில் வந்தாரே, ராகுல் போஸ், அவர்தான். படத்தில் வில்லன், மைதானத்தில் இந்தியாவுக்காக ஆடியவர். 1998இல் இந்தியா முதன்முதலாகச் சர்வதேச றக்பியில் இறங்கிய அணியில் அவர் இருந்தார். பத்தாண்டுக்கு மேல் ஆடினார். ஆடிய இடங்களில் ஒன்று ஸ்க்ரம்-ஹாஃப். இரண்டு பக்கத்திலும் எட்டு எட்டுத் தடியர்கள் தோளோடு தோள் முட்டித் தள்ளும்போது, அந்தக் காலடிக்குள்ளிருந்து பந்தை எடுத்துப் பின்னால் நிற்பவனுக்குக் கொடுப்பதே அந்த இடத்து ஆட்டக்காரனுடைய தொழில். கைதட்டு வேறொருவனுக்குப் போகும்.

2004 மார்கழியில் கடல் பொங்கியதை நாம் மறக்க முடியுமா? அதே அலை அந்தமான், நிக்கோபார் தீவுகளையும் அடித்தது. போஸ் அங்கே நிவாரண வேலைக்குப் போனார். அரிசி மூட்டை இறக்கியதோடு திரும்பவில்லை. அந்தத் தீவுப் பிள்ளைகள் வெளியில் வந்து நல்ல பாடசாலையில் படிக்க ஓர் உதவித் திட்டம் தொடங்கினார். அதோடும் நிற்கவில்லை. தெலங்கானாவில் கூலிக்குடும்பத்தில் பிறந்த மாலாவத் பூர்ணா என்ற பிள்ளை 2014 மே 25ஆம் திகதி, பதின்மூன்று வயதில் எவரெஸ்ட் உச்சியில் நின்றாள். சிவனொளிபாதமலைக்கு நம் இரத்தினபுரிப் பாதையில் ஏறியவர்களுக்கு மலையேற்றம் என்றால் என்ன என்று தெரியும். அதைப் போல நாலு மடங்கு உயரம்! அந்தப் பிள்ளையின் கதையை 2017இல் போஸ் படமாக இயக்கினார். பந்து பின்னால் போகிறது, கவனிக்கிறீர்களா?

2021இல் இந்திய றக்பிச் சங்கத்தின் தலைவரானார். கிரிக்கெட்டுக்கு இருக்கும் பணமோ கூட்டமோ இல்லாத ஆட்டம். மைதானம் கேட்டு அலைய வேண்டும், ஆதரவாளரைத் தேட வேண்டும், பயிற்றுநரைக் கூட்டிவர வேண்டும், பிள்ளைகளின் சாப்பாட்டுக் கணக்கைப் பார்க்க வேண்டும். நாலு வருட வேலைக்குப் பிறகு, 2025 ஜூனில் மும்பையில் ஆறு அணிகளோடு றக்பி பிரீமியர் லீக் நடந்தது. இறுதி ஆட்டத்தில் டில்லியை 41க்கு 0 என்று வென்று முதற் கிண்ணத்தை எடுத்தது எந்த ஊர் அணி தெரியுமா? சென்னை. கைதட்டுங்கள், தப்பில்லை! ஆனால் அந்தக் கிண்ணத்தைத் தூக்கியவர்கள் ஆட்டக்காரர்கள். தலைவர் ஒரு ஓட்டம்கூட ஓடவில்லை. அவருடைய ஆட்டம் அதற்கு முன்பே, மேசையிலும் தொலைபேசியிலும் முடிந்துவிட்டது.

இப்போது திங்களூர் வந்துவிட்டோம்.

அப்பூதியடிகள் போற்றிய திருநாவுக்கரசு சுவாமிகள் ஆரம்பத்தில் யார்? பாடலிபுத்திரத்துச் சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமைப் பதவியில் இருந்தவர். பதவி, புகழ், அரச மதிப்பு எல்லாம் இருந்தன. சூலை நோய் வந்தது, தமக்கையார் திலகவதியார் திருநீறு தந்தார், சிவன் ஆட்கொண்டான். அதன் பிறகு அவர் கையில் எடுத்தது என்ன? செங்கோல் இல்லை, உழவாரம். கோயில் வீதியில் புல் செதுக்கினார். மற்றவர்கள் காலில் முள் குத்தாமல் நடந்து போய்ச் சாமி கும்பிட வேண்டும், அதற்காக.

அவரைக் கண்ணால் கண்டிராமலே அவரிடம் பக்தி கொண்டவர் அப்பூதியடிகள். வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார், குளம் வெட்டினார், சோலை போட்டார். எல்லாவற்றுக்கும் திருநாவுக்கரசர் பெயர். பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான். ஒரு நாள் வெயிலில் வந்த சுவாமிகள் பந்தலைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார். உள்ளே போய், "உமது பெயரை வைக்காமல் வேறொரு பெயரை வைத்தது ஏன்?" என்று கேட்டார். அப்பூதியாருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தப் பெயரின் பெருமை தெரியாத நீர் யார் என்று சீறினார். நான்தான் அந்தச் சிறுமையன் என்று சுவாமிகள் சொன்னதும் காலில் விழுந்தார்.

இதில் இரண்டு பேரையும் பாருங்கள். ஒருவர் தலைமையை இறக்கி வைத்துப் புல் செதுக்கியவர். மற்றவர் தன் காசில் பந்தல் போட்டு இன்னொருவர் பெயரை எழுதியவர். வந்து குடித்தவனுக்குத் தாகம் தீர்ந்தது. கொடுத்தவனுக்கு 'நான்' தீர்ந்தது. நிருவாகம் என்பது தண்ணீர்ப் பந்தல். அதைச் சிம்மாசனம் என்று நினைக்கும்போதுதான் வினை தொடங்குகிறது.

பெயரை விட்டவனின் பெயர் நிலைத்ததற்கு றக்பியிலேயே ஒரு சாட்சி உண்டு. 1870களில் கல்கத்தாவில் ஒரு றக்பிக் கழகம் இருந்தது. சில வருடங்களில் ஆள் குறைந்தது, கழகம் கலைந்தது. வங்கியில் மிச்சம் இருந்த 270 வெள்ளி ரூபாயை அங்கத்தவர்கள் பங்கு போட்டுக் கொள்ளவில்லை. உருக்கிக் கிண்ணம் செய்து, தாங்கள் ஆடப்போகாத ஓர் ஆட்டத்துக்காக இங்கிலாந்துச் சங்கத்துக்கு அனுப்பினார்கள். மூன்று நாகங்கள் கைப்பிடி, மூடியில் யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் அந்தக் கல்கத்தாக் கிண்ணத்துக்காக ஆடிவருகின்றன. விழுந்தவர்கள் பந்தை ஒழுங்காக விட்டார்கள்; ஆட்டம் இன்னும் ஓடுகிறது.

விடாவிட்டால் என்ன நடக்கும்? அதற்கும் நம் நாட்டிலேயே பாடம் இருக்கிறது. நிருவாகத்தில் அரசாங்கத் தலையீடு என்ற சிக்கலில் 2023இல் உலக றக்பி அமைப்பு இலங்கைச் சங்கத்தின் அங்கத்துவத்தை நிறுத்தி வைத்தது. நாற்காலியைச் சுற்றிப் பெரியவர்கள் இழுபட்டார்கள். வியர்வை சிந்திப் பழகிய பிள்ளைகள் தங்கள் கொடியின் கீழ் ஆட முடியாமல் நின்றார்கள். யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பந்து தரையில் கிடந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

நாளைக்கு நம் அம்பாள் தேரில் வருகிறாள். வடம் பிடிக்க ஐந்நூறு கை வரும். ஆனால் நம் தோட்டத்து ரோட்டு மேடும் பள்ளமும். இறக்கத்தில் சில்லுக்குக் கட்டை போடுகிறவர்கள் நாலு பேர்தான். குனிந்தபடியே வருவார்கள், அம்பாளின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது. அவர்கள் கை பிசகினால் ஐந்நூறு கையாலும் தேரை நிறுத்த முடியாது. வடம் பிடித்த காலம் ஆட்டக்காரன் காலம்; கட்டை போடும் காலம் நிருவாகி காலம். ஒருவனே இரண்டையும் செய்யலாம், ஆனால் ஒரே நேரத்தில் முடியாது.

ஆகவே பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். திருவிழா முடிந்து சபைக் கூட்டம் வரும். வருடக்கணக்காக உழைத்தவர்கள் நீங்கள். லயத்துக்கு லயம் நடந்து சேர்த்த காசில்தான் இந்தக் கோபுரம் நிற்கிறது. இந்த முறை கணக்குப் புத்தகத்தை ஓர் இளைஞனிடமும், சாவியை ஒரு பெண்பிள்ளையிடமும் கொடுத்துப் பாருங்கள். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுங்கள். பிழை விட்டால் திருத்துங்கள், திருப்பிப் பறிக்காதீர்கள். தோட்டத்து விளையாட்டுக் கழகத்திலும், நலன்புரிச் சங்கத்திலும் இதுவே முறையாகட்டும்.

தம்பிமாரே, தங்கைமாரே, உங்களுக்கும் சட்டம் உண்டு. பந்து பின்னால் வரும் என்று தூணில் சாய்ந்து நின்றால் வராது. கொடுக்கிறவன் ஓடும் வேகத்துக்கு நீங்களும் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; கை நீட்டியிருக்க வேண்டும். நாளைக் காலை ஐந்து மணிக்குக் கட்டை போட ஆள் தேவை என்று சபைத் தலைவர் சொன்னார். பெயர் கொடுக்கிறவர்கள் இப்போதே அவரிடம் கொடுங்கள்.

அம்பாள் எல்லோருக்கும் அருள் செய்வாளாக.