ஐயத்தின் சுமை யார்மீது?

சினைப்பையில் புற்றுநோய் கண்டு மருத்துவமனையில் படுத்திருந்த தாய் ஒருவரைச் சந்திக்கச் சென்றிருந்தோம். செபம் முடிந்ததும் நம் கையைப் பற்றிக்கொண்டு அவர் கேட்டார்: "சாமி, நாற்பது வருசமா குளிச்சதும் பவுடர் போடுற பழக்கம். அதனாலதான் இது வந்துச்சுன்னு பக்கத்துக் கட்டில்காரங்க சொல்றாங்க. என் மகளுக்கும் நான்தானே போட்டுப் பழக்கினேன்?" நோயைவிட அந்தக் கடைசிக் கேள்வியே அவரை வாட்டிற்று.

மருத்துவம் நம் துறையன்று. ஆயினும் ஒரு தாய் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி நிறுத்தும்போது, உண்மையைத் தேடாமல் ஆறுதல் மட்டும் கூறித் திரும்புவது முறையாகுமா?

டால்க் என்பது மண்ணிலிருந்து வெட்டியெடுக்கப்படும் மிக மென்மையான கனிமம். அது கிடைக்கும் பாறைகளில் சில இடங்களில் கல்நாரும் கலந்திருக்கும். கல்நார் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் ஐயமே இல்லை. ஐயமெல்லாம் தூய டால்க்கைப் பற்றியதே. 1971ஆம் ஆண்டு வேல்ஸின் கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் சினைப்பைக் கட்டிகளில் டால்க் துகள்களைக் கண்டனர். மறைவிடங்களில் பவுடர் பூசிய பெண்களிடையே இந்நோய் சற்று மிகுதி என்று பின்வந்த ஆய்வுகள் பல கூறின. நோயுற்றவரிடம் பழைய பழக்கத்தைக் கேட்டால் நினைவு ஒருபக்கம் சாயாதா என்ற மறுப்பு எழுந்தது, நியாயமான மறுப்புதான். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இரண்டரை இலட்சம் பெண்களின் தரவுகளை ஒன்றுசேர்த்தது. ஆண்டுக்கு இலட்சம் பேரில், பூசியவருள் 61 பேருக்கும் பூசாதவருள் 55 பேருக்கும் நோய் கண்டது. அவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்றனர் ஆய்வாளர். 2024இலோ, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கைப் 'பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது' என்ற வரிசைக்கு உயர்த்தியது. அவ்வரிசை சான்றின் வலிமையைக் காட்டுவதேயன்றி ஆபத்தின் அளவைக் காட்டுவதன்று.

ஆக, இன்னும் ஐயமே. குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் ஒரு வேடனைப் பற்றிப் படித்தோம். புதருக்குள் அசைவது மானா மனிதனா என்று தெரியாதபோது அவன் அம்பு எய்யலாமா? கூடாது, ஐயம் தீரும்வரை வில்லைத் தாழ்த்தவேண்டும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். புதருக்குள் இருப்பவரை அன்று நினைத்துப் பார்த்ததில்லை. இத்தாய் வில்லேந்தியவர் அல்லர். கடையில் வாங்கியதை, தூய்மைக்கென்று நம்பிப் பூசியவர்.

ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் குழந்தைப் பவுடர் விற்பனையை நிறுத்துவதாக 2020இல் அறிவித்தது. பொருள் பாதுகாப்பானதே, விற்பனைதான் சரிந்தது என்றது. உலகின் பிற நாடுகளில் 2023இல்தான் நிறுத்தியது. சோளமாவுப் பவுடரும் அதனிடம் முன்பே இருந்தது! பல்லாயிரம் பெண்கள் வழக்காடும் நாட்டில் தாழ்ந்த வில், வழக்காடாத நாடுகளில் மேலும் மூன்றாண்டு உயர்ந்தே நின்றது. ஐயத்தின் பலன் விற்பவருக்கும், அதன் சுமை பூசுபவருக்கும் என்று பங்கிடும் உரிமையை அவர்களுக்கு யார் வழங்கினார்?

அத்தாயிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பூசாதவருக்கும் இந்நோய் வருகிறது, உங்களுக்கு எதனால் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது, அறியாமல் செய்ததற்கு மனச்சான்று கணக்குக் கேட்பதில்லை என்றோம். சற்று நேரம் கூரையைப் பார்த்திருந்தார்.

"அப்போ பேத்திக்குப் போட வேண்டாமா சாமி?"

"வேண்டாம்மா."

"அதை நீங்களே மகள்கிட்ட சொல்லிடுங்க. நான் சொன்னா அவ பயந்துருவா."