குறை சொல்லலாம், வழி மறிக்கலாகாது

2024 பிப்ரவரி 17-ஆம் நாள், கிழக்கு உக்ரைனின் அவ்தீவ்கா நகரைக் கைவிட்டு உக்ரைன் படைகள் பின்வாங்கின. பீரங்கிக் குண்டுகள் போதாமல் போனது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மூன்று நாள் கழித்து, போலந்து எல்லையிலுள்ள மெதிக்காவில், போராட்டக்காரர்கள் சரக்கு ரயில் பெட்டிகளைத் திறந்து உக்ரைன் தானியத்தைத் தண்டவாளத்தில் கொட்டினார்கள். அந்த வாரக் கடைசியில் கொதொமியேஜ் என்ற ஊரில் சுமார் 160 டன் தானியம் பாழாக்கப்பட்டது. அது போலந்துச் சந்தைக்கு வந்ததே அல்ல, க்தான்ஸ்க் துறைமுகம் வழியாக வேறு நாடுகளுக்குப் போக வேண்டியது என்று உக்ரைன் அரசு முறையிட்டது. கொட்டியவர்கள் எதிரி நாட்டார் அல்லர். இரண்டாண்டுகளுக்கு முன் உக்ரைன் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் வீட்டுக் கதவைத் திறந்துவிட்ட நாட்டின் குடிமக்கள்.

இங்கே எழும் அறக்கேள்வி எளிதானதல்ல. அண்டை நாடு போரில் எரிகிறது. அதற்கு உதவுவதால் தன் வீட்டுக்கும் நட்டம் வருகிறது. அப்போது நட்பு பெரிதா, தன் குடிகளின் பிழைப்பு பெரிதா? நட்பே பெரிது என்பதுதான் இதற்குரிய விடை. நண்பனிடம் குறை சொல்ல உரிமை உண்டு. கடிந்து பேசவும் உரிமை உண்டு. ஆனால் அவன் தலைக்கு மேல் குண்டு விழும்போது அவனுக்கு உணவும் மருந்தும் ஆயுதமும் வரவேண்டிய வழியை மறிக்கும் உரிமை எந்த நண்பனுக்கும் இல்லை. அது எத்தனை நியாயமான குறையாக இருந்தாலும் சரி.

நட்பைப் பற்றி நம் முன்னோர் சொல்லாமல் விட்டது குறைவு. வள்ளுவர் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். உடை நழுவும் கணத்தில், யாரும் சொல்லாமலே கை விரைந்து போய்ப் பற்றுவதுபோல நண்பனின் இடரைக் களைய வேண்டும் என்றார். கேடு வருவதிலும் ஒரு நன்மை உண்டு, உறவினரை அளந்து பார்க்க அதுவே கோல் என்றார். கிடைக்கும் ஆதாயத்தை எண்ணிப் பழகுவோரைக் கள்வரோடு சேர்த்து வைத்தார். போர்க்களத்தின் நடுவே கைவிட்டுப் போகும் பழக்கமற்ற குதிரை போன்றவரின் துணையைவிடத் தனிமையே மேல் என்றும் எச்சரித்தார். நாலடியார், நட்பில் பிழை பொறுத்தல் என்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கியது. பாண்டிய நாட்டுப் பிசிராந்தையாரும் சோழ நாட்டுக் கோப்பெருஞ்சோழனும் நாட்டெல்லை நட்புக்கு எல்லையல்ல என்று வாழ்ந்து காட்டினார்கள். பாரி மாண்டபின் அவன் மகளிரைத் தன் பொறுப்பாக ஏற்ற கபிலரை மறந்து தமிழில் நட்பைப் பேச முடியாது.

கிரேக்கத்து அரிஸ்டாட்டில் நட்பை மூன்றாகப் பிரித்தார்: பயனுக்கானது, இன்பத்துக்கானது, நற்பண்பை முன்னிட்டது. பயன் தீர்ந்தால் முதல்வகை தீர்ந்துவிடும் என்றார். கௌடில்யர் மட்டும் வேறு விதமாகச் சொன்னார்: எல்லையை ஒட்டிய அரசன் இயல்பாகவே பகைவன், அவனுக்கு அப்பால் இருப்பவனே நண்பன். அரசியல் அறிந்தோர் இதை மேற்கோள் காட்டி, நாடுகளுக்குள் நட்பு ஏது, நலன் மட்டுமே உண்டு என்பார்கள். ஆனால் கௌடில்யர் சொன்னது அரசர்களின் பேராசையைக் கணிக்கும் சூத்திரம். அதை நீதி என்று கொள்வோர் நோயைப் பற்றிய விளக்கத்தையே மருந்தென்று விழுங்குகிறார்கள்.

கௌடில்யரின் கணக்கைப் போலந்து மக்கள் 2022-இல் பொய்யாக்கினார்கள். பிப்ரவரி 24-இல் ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியதும் பிஷெமிஷ்ல் ரயில் நிலையத்திலும் மெதிக்கா எல்லைச் சாவடியிலும் அரசு வருமுன் குடிமக்கள் வந்து நின்றார்கள். முன்பின் தெரியாதவர்களைத் தம் வீட்டில் தங்க வைத்தார்கள். மார்ச் மாதத்திலேயே தனிச் சட்டம் இயற்றி, வந்தவர்களுக்கு அடையாள எண்ணும் வேலை செய்யும் உரிமையும் மருத்துவமும் பள்ளியும் வழங்கப்பட்டன. 200-க்கும் மேற்பட்ட டாங்கிகள் உக்ரைனுக்குப் போயின. மிக்-29 போர் விமானங்களைத் தருவதாக 2023 மார்ச்சில் முதலில் அறிவித்த நேட்டோ நாடும் போலந்துதான். மேற்கு நாடுகளின் ஆயுதங்களில் பெரும்பகுதி ஜெஷுவ் விமான நிலையம் வழியாகத்தான் உக்ரைனை அடைகிறது.

பொறையிலும் அந்நாடு குறைவைக்கவில்லை. 2022 நவம்பர் 15-இல் பிஷெவொதுவ் என்ற எல்லையோரச் சிற்றூரில் ஏவுகணை ஒன்று விழுந்து போலந்துக்காரர் இருவர் மாண்டார்கள். அது ரஷ்யத் தாக்குதலைத் தடுக்க உக்ரைன் ஏவியது என்பதே போலந்தும் நேட்டோவும் வந்த முடிவு. உக்ரைன் அதிபர் ஸெலென்ஸ்கி தொடக்கத்தில் அதை ஏற்கவில்லை. ஆயினும் போலந்து அதைப் பகையாக்கவில்லை. போரைத் தொடங்கியவனே முதற்குற்றவாளி என்று சொல்லி நின்றது. நண்பர் நோகும்படி ஒன்றைச் செய்தால் அறியாமை என்றோ மிகுந்த உரிமை என்றோ கொள்க என்று வள்ளுவர் பழைமை அதிகாரத்தில் சொன்னதற்கு இதைவிட நல்ல உரை எழுத முடியாது.

அப்படிப்பட்ட நட்பு தானியத்தில் இடறியது. கருங்கடல் துறைமுகங்களை ரஷ்யா அடைத்தபோது உக்ரைனின் கோதுமையும் மக்காச்சோளமும் தரைவழியே மேற்கு நோக்கித் திரும்பின. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் சுங்கவரியை நீக்கியது. ஆனால் உக்ரைனின் இருப்புப்பாதை 1,520 மில்லிமீட்டர் அகலம். போலந்தின் பாதை 1,435. எல்லையில் பெரும்பாலான சரக்கை வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். மாற்ற வண்டியில்லை, சேர்த்து வைக்கக் கிடங்கில்லை, துறைமுகத்தில் இடமில்லை. கடந்து போக வேண்டிய தானியம் கிழக்கு மாவட்டங்களிலேயே தேங்கியது. தொழிற்சாலைப் பயனுக்கென்று அறிவித்து நுழைந்ததில் ஒரு பகுதி உணவுச் சந்தைக்கும் கசிந்தது. அதில் வணிகர்கள் இலாபம் பார்த்தார்கள். விலை சரியாது, அவசரப்பட்டு விற்காதீர்கள் என்று உழவர்களைத் தேற்றிய வேளாண் அமைச்சர் ஹென்ரிக் கொவால்சிக் 2023 ஏப்ரல் 5-இல் பதவி விலகினார். அன்றுதான் ஸெலென்ஸ்கி அரசுமுறைப் பயணமாக வார்சாவில் இருந்தார். பத்தே நாளில் போலந்து இறக்குமதியைத் தடை செய்தது.

பிறகு நடந்தவை வேகமானவை. அதையடுத்து ஐரோப்பிய ஒன்றியமே விதித்த தற்காலிகத் தடை 2023 செப்டம்பர் 15-இல் முடிந்ததும் போலந்தும் ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் தாமாகவே தடையை நீட்டின. மூன்று நாடுகள்மீதும் உக்ரைன் உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. ஐ.நா. பொதுச்சபையில் ஸெலென்ஸ்கி, ஐரோப்பிய நண்பர்கள் சிலர் ஒற்றுமையை அரசியல் நாடகமாக்குகிறார்கள் என்றார். நீரில் மூழ்குபவன் காப்பாற்ற வருபவனையும் இழுத்துவிடக்கூடும் என்ற பொருளில் போலந்து அதிபர் துதா பேசினார். இனி ஆயுதம் தருவதில்லை, எங்கள் படையைத்தான் வலுப்படுத்துகிறோம் என்றார் பிரதமர் மொராவியெத்ஸ்கி. பழைய ஒப்பந்தங்கள் தொடரும் என்று பின்னர் விளக்கம் வந்தது. அடுத்த மாதம் போலந்தில் தேர்தல் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கோபங்களின் சூடு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

தேர்தல் முடிந்தும் சூடு தணியவில்லை. நவம்பர் 6-இல் போலந்து லாரி உரிமையாளர்கள் தொரோஹுஸ்க் முதலிய எல்லைச் சாவடிகளை மறித்தார்கள். உக்ரைன் லாரிகளுக்கு இருந்த அனுமதிச் சீட்டு முறையை ஒன்றியம் 2022-இல் நீக்கியதால் தங்கள் தொழில் பறிபோகிறது என்பது அவர்கள் வாதம். பல நாள் வரிசையில் காத்துக் கிடந்த உக்ரைன் ஓட்டுநர் இருவர் அந்த மாதத்திலேயே உயிரிழந்தார்கள். லாரிக்காரர்கள் எழுந்துபோன சில வாரங்களில் உழவர்கள் வந்து அமர்ந்தார்கள். சிலேசியாவில் ஒரு டிராக்டரில் சோவியத் கொடி பறந்தது. உக்ரைனைச் சீர்படுத்தும்படி புதினை அழைக்கும் பதாகையும் தொங்கியது. காவல்துறை வழக்குப் பதிந்தது. ஆனால் நண்பர்களின் சண்டையில் எதிரியின் கொடி ஏற இடம் கிடைத்ததே, அதுதான் கவனிக்க வேண்டியது.

உழவரின் குறை பொய்யல்ல. கடனும் உரமும் விலையேற, விளைந்தது விலைபோகாமல் கிடப்பது எந்த நாட்டு உழவருக்கும் பெருந்துயர். உழவரைத் தவிக்கவிடும் அரசு நல்லரசு அல்ல. ஆனால் அந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டியவர்கள் வார்சாவிலும் பிரஸ்ஸல்ஸிலும் இருக்கிறார்கள். வரியை நீக்கியவர்கள் கிடங்கு கட்டியிருக்க வேண்டும். வண்டிகளைத் தந்திருக்க வேண்டும். கலப்பட வணிகரைப் பிடித்திருக்க வேண்டும். தன் அரசிடம் கேட்க வேண்டிய கணக்கை, அகழியில் நிற்கும் அண்டை வீட்டாரிடம் கேட்பது முறையாகாது.

வரலாற்றுக் காயத்தையும் எடைபோட்டாக வேண்டும். 1943-இல் வோலினியாவில் உக்ரைன் கிளர்ச்சிப் படையினர் போலந்து ஊர்களில் நடத்திய படுகொலைகளில், அதன் பின்னும் கலீசியாவரை தொடர்ந்தவற்றையும் சேர்த்து, இறந்தோர் ஒரு இலட்சம் வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. போலந்துத் தரப்பின் பழிவாங்கலில் உக்ரைனியர் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். 1947-இல் விஸ்துலா நடவடிக்கையில் சுமார் 1,40,000 பேர் போலந்துக்குள்ளேயே வேரோடு பெயர்க்கப்பட்டார்கள். 2017-இல் உக்ரைன், போலந்தினரின் எலும்புகளைத் தேடி எடுக்கும் பணியை நிறுத்தி வைத்தது. அது தவறு. இறந்தோரைத் தேடிப் புதைப்பதைப் பேரமாக்கக் கூடாது. 2024 நவம்பரில் அத்தடை நீங்கி, 2025 ஏப்ரலில் புஸ்னிக்கி என்ற அழிந்த ஊரில் தோண்டும் பணி தொடங்கியதென்றால், அது இரு நாடும் நட்பை முறிக்காமல் பேசியதால்தான். உண்மையைக் கேட்க வேண்டும். ஆனால் உயிர் காக்கும் உதவிக்கு அதை விலையாக வைக்கக் கூடாது.

கைவிடுதலின் விலை என்ன என்று அவ்விரு நாடுகளின் வரலாறே சொல்லும். 1920 ஏப்ரலில் போலந்தின் பில்சுத்ஸ்கியும் உக்ரைனின் பெத்லியூராவும் வார்சாவில் உடன்படிக்கை செய்தார்கள். தன் மக்களில் பலரின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு பெத்லியூரா கிழக்குக் கலீசியாவை விட்டுக்கொடுத்தார். ஆகஸ்டில் சோவியத் செம்படையின் குதிரைப்படை ஸாமோஷ்ச் நகரைச் சூழ்ந்தபோது மார்கோ பெஸ்ருச்கோவின் உக்ரைன் படை போலந்தினரோடு தோள்சேர்ந்து காத்தது. ஆனால் 1921 மார்ச் 18-இல் ரீகா உடன்படிக்கையில் போலந்து சோவியத் உக்ரைனை ஏற்றுக்கொண்டு தன் நண்பனைக் கைகழுவியது. முகாமில் அடைபட்டிருந்த உக்ரைன் அதிகாரிகளிடம் பில்சுத்ஸ்கி நேரில் போய் மன்னிப்பு கேட்டார். மன்னிப்பு மனத்துக்கு ஆறுதல். நாட்டைத் திருப்பித் தராது. 18 ஆண்டுகளில் ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் போலந்தையே பங்கிட்டுக்கொண்டன.

பழங்காலக் கிரேக்கத்திலும் இப்படி ஒரு கைவிடுதல் உண்டு. மராத்தான் போரில் ஏதென்ஸுக்குத் துணைநின்ற சிறுநகர் பிளாத்தேயா. பின்னாளில் ஸ்பார்த்தா அதை முற்றுகையிட்டபோது, கைவிடமாட்டோம் என்று வாக்குக் கொடுத்த ஏதென்ஸ் மீட்புப் படை அனுப்பவில்லை. கி.மு. 427-இல் அந்நகர் வீழ்ந்தது, சரணடைந்தோர் கொல்லப்பட்டார்கள். ஏதென்ஸின் பெருமைகளை எத்தனை நூல்கள் சொன்னாலும் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிவைத்த இந்தப் பழி அழியவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பாரிசிலிருந்து ‘குல்தூரா’ இதழை நடத்திய போலந்து அறிஞர் கியெத்ரோயிட்ஸ் இதைத்தான் தம் நாட்டாருக்குப் பல்லாண்டு போதித்தார்: உக்ரைன் விடுதலையாக இல்லாமல் போலந்தின் விடுதலை நிலைக்காது. 1991 டிசம்பரில் உக்ரைனை முதலில் ஏற்ற நாடுகளில் போலந்து இருந்தது அந்தப் போதனையின் பயன்.

அந்தப் பாடம் மங்கிவருவதுதான் இன்றைய வருத்தம். 2025 ஆகஸ்ட் 25-இல், அப்போது புதிதாகப் பதவியேற்றிருந்த போலந்து அதிபர் நவ்ரோத்ஸ்கி, உக்ரைனியருக்கான உதவிச் சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவை மறுத்தார். குழந்தைக்கு மாதம் 800 ஸ்லோட்டி உதவி வேலை செய்பவருக்கு மட்டும் என்பது அவர் நிலை. அடுத்த மாதம் அவ்வாறே திருத்திய சட்டம் கையெழுத்தானது. வந்தவர்கள் சுமை என்ற பேச்சுக்கு, ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்காக டெலாய்ட் செய்த ஆய்வு விடை சொல்கிறது: 2024-இல் போலந்தின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.7 விழுக்காடு அகதிகளின் பங்களிப்பு. 2025 செப்டம்பர் 10 விடியுமுன் ரஷ்யாவின் சுமார் இருபது டிரோன்கள் போலந்து வானில் நுழைந்தபோது, பகைவன் போலந்தையும் உக்ரைனையும் வேறு வேறாக எண்ணவில்லை என்பது புலப்பட்டது.

உதவி பெறுவோருக்கும் கடமை உண்டு. ஒரு நன்மையை நினைத்தாலே கொல்வதைப் போன்ற தீங்கும் மறந்துபோகும் என்ற வள்ளுவர் வாக்கு கீவ் நகருக்கும் பொருந்தும். நன்றியைச் சபையில் சொல்ல வேண்டும், குறையைத் தனியே சொல்ல வேண்டும். ஆனால் கடமையின் பாரம் இருவர்மீதும் ஒரே அளவாக இல்லை. ஒருவன் உயிருக்குப் போராடுகிறான்; மற்றவன் இலாப நட்டத்துக்குப் போராடுகிறான்.

ஆகவே அண்டை நாட்டோடு நட்புப் பூண்ட எந்த நாடும் போர் வருமுன்பே நான்கு நெறிகளைத் தனக்கு விதித்துக்கொள்ள வேண்டும். நண்பனுக்கு உதவுவதால் வரும் இழப்பைச் சிலர் தலையில் கட்டாமல் நாடு முழுவதும் பகிர வேண்டும். குறைகளைப் பேச்சுமேசையில் வைக்க வேண்டும், எல்லைச் சாவடியில் வைக்கலாகாது. பழைய கொலைகளின் உண்மையைத் தேடுவதை நிறுத்தவும் கூடாது, இன்றைய உதவியோடு முடிச்சுப் போடவும் கூடாது. தேர்தலில் நாலு வாக்குக்காக நண்பனைத் தூற்றுபவரை வாக்காளர் தோற்கடிக்க வேண்டும். சினமும் நட்டமும் போரோடு தீர்ந்துவிடும், ஈடுகட்டவும் முடியும். இடர்க்காலத்தில் கைவிட்ட பழிக்கு ஈடு கிடையாது.